மான்டே கார்லோ: தடத்தை நம்புவதா, கேமராவை நம்புவதா?

பின்கோட்டுக்காரன்:
2025-லிருந்து ஏடிபி (ஆண்கள் டென்னிஸ் சுற்று) போட்டிகளில் பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று பார்ப்பது கேமராதான். கடினத் தரைக்குச் சரி, மான்டே கார்லோ மாதிரி செம்மண் தரைக்கு எதற்கு? பந்து விழுந்த தடம் கண்ணெதிரே கிடக்கிறது. முன்பெல்லாம் அம்பயர் நாற்காலியிலிருந்து இறங்கி ஓடிவந்து, குனிந்து, விரலால் தடத்தைச் சுற்றிக் காட்டுவார். அவர் பார்ப்பதற்குள் ஆட்டக்காரர் காலால் தேய்த்துவிட்டால் பாயிண்டே போச்சு. இப்போது பதிவு செய்த குரல் ஒன்று 'அவுட்' என்று கத்துகிறது, அவ்வளவுதான்.

மூன்றாம்செட்:
அண்ணே, 2024 மான்டே கார்லோவில் சின்னர்-சிட்சிபாஸ் அரையிறுதி மறந்துவிட்டதா? மூன்றாவது செட்டில் சின்னர் 3-1 முன்னிலை, கையில் பிரேக் பாயிண்ட் (எதிராளியின் சர்வீஸ் கேமைப் பறிக்க ஒரே பாயிண்ட் பாக்கி), சிட்சிபாஸின் இரண்டாவது சர்வீஸ் வெளியே விழுகிறது. இரண்டு சர்வீஸும் தவறு என்று டபுள் ஃபால்ட் கொடுத்திருந்தால் 4-1. லைன் அம்பயரும் வாய் திறக்கவில்லை, நாற்காலியில் இருந்தவரும் திறக்கவில்லை. அப்புறம் சின்னருக்குத் தசைப்பிடிப்பு, 6-4, 3-6, 6-4 என்று சிட்சிபாஸ் ஜெயித்து, இறுதிப் போட்டியில் ரூடையும் அடித்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார். உங்கள் தடம் அங்கேயேதான் கிடந்தது, யார் பார்த்தார்கள்?

பின்கோட்டுக்காரன்:
சின்னர் ஆட்டத்தை நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும். ஆடி முடித்துவிட்டுக் கேட்டால் செல்லாது என்பது அவருக்குத் தெரியாத விதியா?

மூன்றாம்செட்:
சர்வீஸைத் திருப்பி அடிப்பாரா, கோட்டை அளந்துகொண்டு நிற்பாரா? நிறுத்திய பிறகு தடம் உள்ளே இருந்தால் பாயிண்ட் அவருக்குத்தான் நஷ்டம். அம்பயர் வேலையை ஆட்டக்காரர் தலையில் கட்டாதீர்கள்.

செங்கல்தூள்:
தடமும் பந்து பட்ட இடமும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு இரண்டு பேரும் சண்டை போடுகிறீர்கள். செம்மண் தரையின் மேலே கிடப்பது செங்கல்லை அரைத்த தூள், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் படலம். தூள் குவிந்த இடத்தில் தடம் அகலமாகத் தெரியும், காற்று வாரிக்கொண்டு போன இடத்தில் பாதிதான் பதியும், பந்து சறுக்கினால் நீண்டுவிடும். 2025 மாட்ரிட் செம்மண் போட்டியில் ஆட்டக்காரர் ஸ்வெரேவ் கைப்பேசியை எடுத்துவந்து தடத்தைப் படம் பிடித்து, எச்சரிக்கையும் வாங்கிக்கொண்டாரே, அந்தப் படத்தை வைத்து உள்ளே வெளியே என்று சொல்ல முடியாது.

பின்கோட்டுக்காரன்:
அப்படியானால் செம்மண்ணில் நடக்கும் பிரெஞ்சு ஓபன்காரர்கள் 2025-லும் லைன் அம்பயர்களை விடாமல் வைத்திருந்தது எதற்காம்? அவர்களுக்குத் தெரியாத செங்கல் தூளா? அதே 2025 விம்பிள்டனில் வீராங்கனை பவ்லியுசென்கோவாவின் ஆட்டத்தில் கோடு பார்க்கும் கருவி அணைந்து கிடந்தது. எதிராளி அடித்த பந்து வெளியே போயும் குரல் வரவில்லை, பாயிண்டைத் திரும்ப ஆடச் சொன்னார்கள். புல்லில் தடமும் கிடையாது, யாரிடம் போய்க் கேட்பது?

செங்கல்தூள்:
அதைத் தவறுதலாக அணைத்ததும் ஒரு மனிதர்தான் சார்.

டிராப்ஷாட்:
நடால் மான்டே கார்லோவில் 11 முறை ஜெயித்ததெல்லாம் தடம் பார்த்த காலத்தில்தான். அந்தக் கோப்பைகளைத் திருப்பிக் கேட்கலாமா?

மூன்றாம்செட்:
வேண்டாம், 2024 கோப்பையை மட்டும் சின்னருக்குக் கொடுத்தால் போதும்.