பிடித்த மீனை உயிரோடு வைத்திருக்க எந்த வலைப்பை நல்லது?

சேரன்மாதேவித் தூண்டில்காரன் கேட்டது:

அண்ணாச்சிமார் அனைவருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் என் சித்தப்பாவும் தாமிரபரணிக் கரையிலும், மீன் குத்தகை எடுத்தவரிடம் கேட்டுக்கொண்டு எங்கள் ஊர்க் குளத்திலும் தூண்டில் போடுவது வழக்கம். வீட்டுக்கு இரண்டு மூன்று மீன் போதும் என்பதால், பிடித்ததையெல்லாம் உயிரோடு வைத்திருந்து, கிளம்பும்போது பார்த்து எடுத்துக்கொண்டு, மற்றவற்றைத் தண்ணீரிலேயே விட்டுவிடலாம் என்பது எங்கள் எண்ணம். அதற்காக மளிகைக் கடையில் வெங்காயம் வந்திறங்கும் வலைச்சாக்கு ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒரு கல்லையும் உள்ளே போட்டு வாயைக் கட்டிக் கரையோரம் அமிழ்த்தி வைத்திருந்தோம்.

சென்ற பங்குனியில், காலை ஆறு மணிக்கு உட்கார்ந்து பத்தரை மணிக்குச் சாக்கை அவிழ்த்தபோது, உள்ளே இருந்த கெண்டைகளில் பாதிக்கு மேல் செத்திருந்தன. மிச்சம் இருந்தவற்றுக்கும் வால் கிழிந்து, செதில் உதிர்ந்து, விட்டால் பிழைக்குமா என்ற நிலைதான். கெண்டை செத்ததைக்கூட வெயில் என்று எடுத்துக்கொள்ளலாம்; ஆனால் ஈரச் சேற்றில் போட்டாலும் உயிரோடு கிடக்கும் விரால், அதே சாக்கில் எல்லாவற்றுக்கும் முன்னதாக விறைத்துப் போயிருந்தது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் மைத்துனர் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார். அங்கே தூண்டில்காரர்கள் கீப்நெட் என்ற நீளமான வலைப்பை வைத்திருக்கிறார்கள் என்றும், அதற்குச் சட்டமே இருக்கிறது என்றும், கண்ணி 25 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்றும் சொன்னார். ஒன்றை வாங்கி வரச் சொல்லலாமா, அல்லது இங்கேயே வலை வாங்கித் தைத்துக்கொள்ளலாமா? எந்த அளவு வாங்க வேண்டும்?

பாளையங்கோட்டையிலிருந்து லெஸ்டர்:

தம்பி, நான் இங்கிலாந்துக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. கால்வாய்க் கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுவதுதான் எனக்கு இங்கே கிடைத்த ஒரே ஆறுதல். உங்கள் மைத்துனர் சொன்ன 25 மில்லிமீட்டர் சரிதான். ஆனால் பலரும் தவறாக எடுத்துக்கொள்ளும் இடமும் அதுதான். அது கண்ணியின் அகலம் அன்று, கண்ணியின் உட்சுற்றளவு. அப்படியென்றால் ஓட்டை ஏறக்குறைய ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் இருக்கும். அகலம் என்று நினைத்து வாங்கினால் செவுளும் செட்டையும் சிக்கிக்கொள்ளும் வலையைத்தான் வாங்குவீர்கள்.

இங்குள்ள விதியின்படி கீப்நெட் குறைந்தது 2 மீட்டர் நீளமும் 120 சென்டிமீட்டர் சுற்றளவும் உடையதாக இருக்க வேண்டும். வலையை விரித்துப் பிடிக்கும் வளையங்கள், வாயிலிருந்து முதல் வளையம் வரையுள்ள இடைவெளியைத் தவிர்த்து, ஒன்றுக்கொன்று 40 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது. முடிச்சுப் போட்டுப் பின்னிய வலையும் உலோகக் கம்பி வலையும் கூடவே கூடாது. முடிச்சு ஏன் ஆகாது என்பதை உங்கள் சாக்கே உங்களுக்குக் காட்டிவிட்டது. மீனின் மேல் உள்ள வழும்புதான் அதற்குத் தோலுக்கு மேல் ஒரு தோல். முடிச்சிலும் சொரசொரப்பான இழையிலும் உரசி அது போய்விட்டால், அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும், புண் வரும். தண்ணீரில் விட்ட நிமிடத்தில் துள்ளி ஓடிய மீன் நான்கு நாள் கழித்துச் சாவதை நாம் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இங்கே கீப்நெட் என்பது முதன்மையாகப் போட்டிகளுக்கானது. ஐந்து மணி நேரம் பிடித்த மீனையெல்லாம் கடைசியில் நிறுத்துப் பார்த்து, பிறகு விட்டுவிடுவார்கள். ஆற்றில் பிடிக்கும் மீனை வீட்டுக்குக் கொண்டுபோக இங்கே கடுமையான கட்டுப்பாடு உண்டு என்பதால், விடுவதற்காகவே வைத்திருக்கும் பை அது. கட்டணம் வாங்கும் குளங்கள் பலவற்றில் போட்டி இல்லாத நாட்களில் அதை வைக்கவே விடமாட்டார்கள். பெரிய கார்ப் கெண்டையையும் சிறு மீன்களையும் ஒரே வலையில் போடுவதையும் தவிர்ப்பார்கள். கனத்த மீன் ஒரு தடவை புரண்டால் போதும், அடியில் உள்ள சிறு மீன் நசுங்கிவிடும்.

வாங்குவதென்றால் 2 மீட்டர் அன்று, 3 மீட்டராகவே வாங்கி வரச் சொல்லுங்கள். நீளம் கூடினால் மீனுக்கு ஆழமும் கிடைக்கும், இடமும் கிடைக்கும்.

கல்லிடை வடகரை:

லெஸ்டர் அண்ணாச்சி சொன்ன அளவுகளை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த விதிகள் அந்த ஊர்த் தண்ணீருக்கு எழுதப்பட்டவை. 15 டிகிரியில் உள்ள நன்னீர் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 10 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமுக்கு இறங்கிவிடும். தண்ணீரில் மூச்சு குறையும் அதே நேரத்தில், சூடு ஏற ஏற மீனுக்கு மூச்சுத் தேவை கூடுகிறது. பாசியும் ஆகாயத்தாமரையும் மண்டிய குளம் என்றால் விடியற்காலையில்தான் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். ஏனென்றால் இரவு முழுவதும் செடிகளும் அதையே உறிஞ்சுகின்றன. நீங்கள் ஆறு மணிக்குச் சாக்கில் போட்ட கெண்டை அந்தக் குறைந்த மூச்சில் தொடங்கி, பத்து மணி வெயிலில் முடிந்திருக்கிறது. பங்குனி, சித்திரையில் குளம் வற்றி முழங்கால் தண்ணீராகக் கிடக்கும்போது எவ்வளவு நல்ல வலை வைத்திருந்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மீனை அடைத்து வைக்கக் கூடாது என்பது என் கணக்கு. பிசான நெல் சாகுபடிக்குக் குளம் பெருகி நிற்கும் மார்கழியில் அதைவிடக் கூடுதல் நேரம் தாங்கும்.

இனி விரால். அது செத்ததற்கு வெயில் காரணம் அன்று. நீங்கள் போட்ட கல்தான் காரணம். விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. சிறிது நேரத்துக்கு ஒரு முறை நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கியே ஆக வேண்டும். சேற்றிலும் ஈரச் சாக்கிலும் அது பிழைத்துக் கிடப்பதும் அதனால்தான், வாய் கட்டி அமிழ்த்திய சாக்கில் மூச்சு முட்டிச் சாவதும் அதனால்தான். ஆகவே விரால் பிடிக்கிறவர்களுக்கு வலைப்பையின் மேல் வளையம் எப்போதும் தண்ணீருக்கு மேலே, உள்ளே காற்று இருக்கும்படி நிற்க வேண்டும். மேலும் அந்த வலையில் சல்லிக்கெண்டையைப் போட்டால், நீங்கள் விடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. கார்காலத்தில் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தோடு சுற்றும் விராலைத் தூண்டிலில் எடுக்கவே எடுக்காதீர்கள். ஒரு மணி நேரம் அடைத்து வைத்துவிட்டு நல்ல மனத்தோடு திரும்ப விட்டாலும், அதற்குள் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்திருக்கும்.

ஆற்றில் வைக்கும்போது வலையை நீரோட்டத்தோடு நீளவாக்கில் கிடத்தி, வாய் வளையத்தைக் கரையில் ஊன்றிய குச்சியில் கட்டி, வால் பக்கத்தையும் ஒரு குச்சியில் இழுத்துக் கட்டுங்கள். அப்படிக் கட்டாவிட்டால் வளையங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து, 3 மீட்டர் வலை ஒரு வாளி அளவுக்குச் சுருங்கிவிடும். நிழல் விழும் மருதமரத்து வேர்ப்பக்கம், இடுப்பளவு தண்ணீர், கல் இல்லாத மணல் தரை. இவை மூன்றும் அமையும் இடத்தைப் பார்த்த பிறகே உட்காரும் இடத்தை முடிவு செய்ய வேண்டும். நம் ஆட்கள் மீன் கடிக்கும் இடத்தில் உட்கார்ந்துவிட்டுப் பிறகு பையை எங்கேயாவது தொங்கவிடுகிறார்கள். பாபநாசம் அணையில் தண்ணீர் கூட்டியோ குறைத்தோ விட்டால் நம் பக்கம் ஆறு ஏறி இறங்கும் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு முறை பேச்சு சுவாரசியத்தில் இருந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, என் வலையில் பாதி மணலில் கிடந்தது.

முக்கூடல் ஓலைப்பறி:

எல்லாரும் எந்த வலை என்று பேசுகிறீர்கள். எதற்கு அடைத்து வைக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லையே என்று எனக்கு வியப்பாக இருக்கிறது. கேள்வி கேட்ட தம்பிக்கு வேண்டியது குழம்புக்கு இரண்டு மீன். முதலில் கிடைக்கும் நல்ல மீன் இரண்டை எடுத்துக்கொண்டு, மற்றதைத் தூண்டில் முள்ளைக் கழற்றிய கையோடு விட்டுவிட்டால், வலைக்கே வேலை இல்லை. கடைசியில் பெரியதாகப் பார்த்து எடுக்கலாம் என்ற ஆசைக்காக இருபது மீன் நான்கு மணி நேரம் துன்பப்படுகின்றன.

தின்பதற்கு எடுத்த மீனையும் உயிரோடு வைத்திருப்பதில் பயன் இல்லை. மூச்சு முட்டித் துடித்துச் செத்த மீனின் சதை சீக்கிரம் குழைந்துவிடும். பிடித்தவுடன் தலையில் கண்ணுக்குச் சற்று மேலே கட்டையால் ஓங்கி ஒரே அடி அடித்து, செவுளை அறுத்து இரத்தத்தை வடித்து, ஐஸ் போட்ட பெட்டியில் வைத்த மீனைச் சமைத்துப் பார்த்துவிட்டு எனக்குப் பதில் எழுதுங்கள். எங்கள் தாத்தா காலத்தில் ஐஸ் கிடையாது; பனையோலை உமல் பையில் ஈர அமலைச் செடியைப் பரப்பி அதற்குள் மீனை வைத்துத்தான் வீடு வந்து சேர்வார்.

லெஸ்டர்:

முக்கூடல் அண்ணாச்சி, நீங்கள் சொல்வதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். தின்னும் மீனைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் கரையோரம் ஒரே இடத்தில் கூட்டமாக மேயும் சிறு கெண்டையைப் பிடித்த உடனே அங்கேயே விட்டால், மிரண்ட மீன் கூட்டத்தையே கலைத்துவிடும் என்பது இங்குள்ள தூண்டில்காரர் பலருடைய அனுபவம். அரை மணி நேரம் நல்ல வலையில் வைத்திருந்து, இடம் மாறும்போது விடுவதில் பெரிய கேடு இல்லை.

முக்கூடல் ஓலைப்பறி:

கூட்டம் கலைந்தால் பத்தடி தள்ளிப் போய் உட்காருங்கள். ஆறு நீளமாகத்தானே இருக்கிறது!

சேரன்மாதேவித் தூண்டில்காரன்:

விராலின் கதை தெளிந்தது. என் கையால் மூழ்கடித்துக் கொன்றிருக்கிறேன் என்பதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. மைத்துனரிடம் முடிச்சில்லாத 3 மீட்டர் வலையையே வாங்கி வரச் சொல்லிவிட்டேன். கோடை முடியும் வரை அதைப் பரணில் போட்டு வைப்பதாகவும் சித்தப்பாவிடம் ஒப்புக்கொண்டேன். இன்னும் இரண்டு சந்தேகங்கள். எங்கள் குளத்தில் நிறைய வரும் கெளுத்தியை இந்த வலையில் போடலாமா? ஜிலேபிக் கெண்டையைத் திரும்ப விடுவதா, வேண்டாமா?

கல்லிடை வடகரை:

கெளுத்தியைப் போடாதீர்கள். அதன் முதுகு முள்ளும் பக்கச்செட்டை முட்களும் பின்பக்கம் அரம்போல் இருக்கும். விரித்துப் பூட்டிக்கொண்டால் எவ்வளவு சிறிய கண்ணியிலும் மாட்டும். பிடித்து இழுத்தால் முள் ஒடியும், வலையும் கிழியும். மாட்டிவிட்டால் இழுக்காமல், அந்தக் கண்ணியைக் கத்தரித்துவிட்டு மீனை விடுங்கள். பிறகு நூலால் தைத்துக்கொள்ளலாம்.

ஜிலேபி 1952-இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட மீன். நம் கெண்டைகளின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. அதை விட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. குழம்புக்கு இரண்டு மீன் என்ற உங்கள் கணக்கை ஜிலேபியிலேயே முடித்துக்கொண்டால் சித்தப்பாவும் முக்கூடல் அண்ணாச்சியும் ஒருசேர மகிழ்வார்கள். அரசு தடை செய்துள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தி அகப்பட்டால் அதையும் தண்ணீரில் திரும்ப விடாதீர்கள்.

விடும்போது வலையைக் கவிழ்த்துக் கொட்டாமல், வாய் வளையத்தை நீருக்குள் சாய்த்து, வால் பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிக் கொடுத்தால் மீன் தானாக வெளியேறும். வீட்டுக்கு வந்ததும் வலையை நல்ல தண்ணீரில் அலசி, இரண்டு நாள் முழு வெயிலில் விரித்துக் காயப்போட்ட பிறகே அடுத்த குளத்துக்குக் கொண்டுபோங்கள். விராலையும் கெண்டையையும் புண்ணாக்கிக் கொல்லும் நோய் 1988-இல் இந்தியாவுக்குள் வந்து குளம் குளமாகப் பரவியது. ஈர வலை அதற்கு நல்ல வண்டி. நம் ஊர் வெயில் இந்த ஒரு வேலைக்காவது உதவட்டும். மொட்டை மாடியில் காயப்போடும்போது பூனை ஏறாத பக்கமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். என் முதல் வலை போனது அப்படித்தான்.