பவர் வீல்சேர் பேட்டரி 480 வாட்-அவர், விமானத்தில் ஏற்ற முடியாது என்கிறார்கள். என்ன செய்வது?

குடியாத்தத்தான்:
வணக்கம். தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டு ஏழு வருடம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா மகள் கல்யாணத்துக்காகச் சென்னையிலிருந்து புனேவுக்கு விமானத்தில் போகிறேன். விமானம் ஏறுவது இதுதான் முதல் தடவை.

என்னுடையது மடக்கும் பவர் வீல்சேர். கூடவே வந்த காகிதத்தில் லித்தியம் அயன், 24 வோல்ட், 20 ஆம்பியர்-அவர் என்று போட்டிருக்கிறது. விமான நிறுவனத்துக்குப் போன் செய்தேன். முதல் நாள் பேசியவர் "ஒன்றும் பிரச்சினை இல்லை சார்" என்றார். மறுநாள் பேசியவர் வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்கிக் கணக்குப் போட்டு, "480 வாட்-அவர் வருகிறது, 300-தான் உச்சம், ஏற்ற மாட்டோம்" என்றார். இரண்டில் எதை நம்புவது?

பேசாமல் கையால் தள்ளுகிற வண்டியை எடுத்துப் போ என்கிறார் அப்பா. தாய்மாமன் நான். சீர்த் தட்டோடு மண்டபத்துக்குள் நானாகத்தான் போக வேண்டும், இன்னொருவர் தள்ளிக்கொண்டு போகக் கூடாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராணிப்பேட்டை ரயிலடி:
பேட்டரி விஷயத்தை வாயே திறக்காதீர்கள் அண்ணே. கவுண்டரில் யாரும் பார்ப்பதில்லை. கேட்டால் லித்தியம் இல்லை, ஜெல் பேட்டரி என்று சொல்லிவிடுங்கள்.

காட்பாடி அக்கா:
தயவு செய்து அப்படிச் செய்யாதீர்கள் தம்பி. லித்தியம் பேட்டரி சரக்கு அறையில் சூடேறித் தீப்பிடித்தால் உள்ளே போய் அணைக்க ஆள் கிடையாது. கழற்றிய பேட்டரியைப் பயணி தன்னோடு மேலே எடுத்துவர வேண்டும் என்று விதி வைத்திருப்பதே அதனால்தான். பொய் சொல்லி, கடைசி நிமிடத்தில் ஸ்கேனரில் தெரிந்தால் உங்களையும் சேர்த்து இறக்கிவிடுவார்கள்.

முதலில் ஒன்று பாருங்கள். காகிதத்தை விடுங்கள், பேட்டரியையே கழற்றி அதன் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். இருப்பது ஒரு பேட்டரியா, இரண்டா? மடக்கு வண்டிகள் பலவற்றில் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று இருக்கும், காகிதத்தில் கூட்டுத் தொகையைப் போட்டுவிடுவார்கள்.

குடியாத்தத்தான்:
அக்கா, நீங்கள் சொன்னதுதான்! இரண்டு இருக்கிறது. ஒவ்வொன்றிலும் 24 வோல்ட், 10 ஆம்பியர்-அவர். அப்படியென்றால் 240, 240. இரண்டுமே 300-க்குக் கீழே, பிரச்சினை தீர்ந்தது, இல்லையா?

காட்பாடி அக்கா:
இன்னும் இல்லை. இங்கேதான் ஒரு முடிச்சு இருக்கிறது. 300 வாட்-அவர் என்பது ஒரே பேட்டரியில் ஓடும் வண்டிக்கு. இரண்டு பேட்டரி பூட்டிய வண்டி என்றால் ஒவ்வொன்றும் 160-ஐத் தாண்டக் கூடாது. உங்களுடையது 240, ஆகவே இரண்டையும் பூட்டிக்கொண்டு போனால் மறுப்பார்கள். (பேட்டரியைக் கழற்றத் தேவையில்லாத, நல்ல கூண்டுக்குள் வைத்துப் பூட்டிய பெரிய வண்டிகளுக்கு இந்த வாட்-அவர் வரம்பே இல்லை. மடக்கு வண்டி அந்தக் கணக்கில் வருவது அபூர்வம்.)

ஒரு பேட்டரியை மட்டும் மாட்டி வண்டி ஓடுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இரண்டையும் இணையாக இணைத்திருந்தால் ஓடும். தூரம் பாதியாகும், அவ்வளவுதான். ராத்திரி சார்ஜ் போட்டுக்கொண்டால் கல்யாண வீட்டுக்குத் தாராளம்.

குடியாத்தத்தான்:
ஒன்றிலேயே ஓடுகிறது. பேருந்து நிலையம் வரை போய்த் திரும்பியும் சார்ஜ் இரண்டு கட்டை மீதி. அப்புறம் எப்படிச் சொல்வது அக்கா? மறுபடி போனா?

காட்பாடி அக்கா:
போன் வேண்டாம். போனில் பேசியதற்குச் சாட்சி கிடையாது. மின்னஞ்சல் அனுப்புங்கள். பறப்பதற்கு 48 மணி நேரம் முன்னால் தெரிவித்தால் உதவிக்கு ஏற்பாடு செய்வது அவர்கள் பொறுப்பு. விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதியே அப்படித்தான். வண்டியின் எடை, மடக்கிய அளவு, லேபிளின் படம், ஒரே பேட்டரி 240 வாட்-அவர், அதைக் கழற்றி நானே உள்ளே கொண்டுவருவேன் என்று எழுதுங்கள். நடக்கவே முடியாதவர்களுக்கான குறியீடு டபிள்யூ-சி-எச்-சி. அது உங்கள் டிக்கெட்டில் ஏறியிருக்கிறதா என்றும் கேளுங்கள். வெறும் வீல்சேர் என்று போட்டுவிட்டால் படிக்கட்டு ஏறுவீர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். வரும் பதிலை அச்செடுத்துக் கையில் வையுங்கள்.

பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டி, தனிப் பையில் போடுங்கள். அதை மேலே கொண்டுபோகச் சொல்வது விதிதான். பாதுகாப்புச் சோதனையில் யாராவது தடுத்தால் அந்த மின்னஞ்சலைக் காட்டுங்கள்.

பாகாயம் முன்னாள்:
நானும் முதுகுத்தண்டுதான், 11 தடவை பறந்தாயிற்று. அக்கா சொல்லாததை மட்டும் சொல்கிறேன். கவுண்டரிலேயே வண்டியை வாங்கிக்கொண்டு அவர்கள் நாற்காலியில் உட்காரச் சொல்வார்கள். நம் வண்டியிலேயே வருகிறேன் என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள், கேட்க உரிமை உண்டு. விமான வாசலில் ஒடுக்கமான நாற்காலிக்கு மாற்றி உள்ளே கொண்டுபோவார்கள். நடைபாதை ஓர இருக்கைகள் பலவற்றில் கைப்பிடியைத் தூக்கலாம், கீல் பக்கத்தில் அடியில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். ஊழியர்களுக்கே சில சமயம் தெரியாது.

காற்று மெத்தை என்றால் அதை வண்டியோடு அனுப்பாதீர்கள், உங்களுக்கு அடியில் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் மேலே போனால் காற்று விரிந்து மெத்தை உப்பும். கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு, இறங்கியதும் நிரப்ப வேண்டும். நான் ஒரு தடவை மறந்து, அழுத்தத்தால் வந்த புண் ஆற ஒன்றரை மாதம் படுத்துக் கிடந்தேன்.

வண்டியை நாலு பக்கமும் படம் எடுங்கள். ஜாய்ஸ்டிக்தான் முதலில் உடையும், துணி சுற்றிக் கட்டுங்கள். உடைந்து வந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே எழுத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். வெளியே வந்துவிட்டால் எங்கே உடைந்ததோ என்பார்கள்.

ராணிப்பேட்டை ரயிலடி:
நான் சொன்னது தப்புதான், மன்னிக்கவும். பிராயச்சித்தமாக ஒன்று: ஸ்ரீபெரும்புதூர் நெரிசலை நம்பாதீர்கள். எத்தனை மணி நேரம் போட்டிருக்கிறீர்களோ, அதற்கு மேல் ஒன்று சேருங்கள். நம் வேலூர் விமான நிலையம் இருக்கிற அப்துல்லாபுரத்திலிருந்து ஏறுகிற நாள் வந்தால் இந்தப் பாடு நமக்கு இல்லை.

குடியாத்தத்தான்:
அவசரம்! புனேயில் இறங்கிவிட்டேன். வண்டி முழுசாக வந்திருக்கிறது, கீறல்கூட இல்லை. பேட்டரி மாட்டி, சுவிட்ச் போட்டால் விளக்கு சிமிட்டுகிறது, பீப் பீப் என்கிறது, நகரவே மாட்டேன் என்கிறது. கையால் தள்ளினால் மட்டும் ஓடுகிறது. என் அக்கா வாசலில் நிற்கிறாள்.

பாகாயம் முன்னாள்:
கையால் தள்ளினால் ஓடுகிறதா? அப்படியென்றால் பழுது இல்லை. பின் சக்கரத்து மோட்டார் பக்கம் இரண்டு நெம்புகோல் இருக்கும். சரக்கு ஏற்றுகிறவர்கள் தள்ளுவதற்காக அதை விடுவித்திருப்பார்கள். இரண்டையும் பழைய இடத்துக்குத் திருப்பி, சுவிட்சை அணைத்துப் போடுங்கள்.

குடியாத்தத்தான்:
ஓடிவிட்டது! இரண்டு பக்கமும் விடுவித்திருந்தது. நன்றி, மற்றது அப்புறம் எழுதுகிறேன்.

குடியாத்தத்தான்:
ஊருக்கு வந்துவிட்டேன். சென்னையில் பேட்டரிப் பையைத் திறந்து மூன்று பேர் பார்த்தார்கள், மின்னஞ்சலைக் காட்டியதும் விட்டுவிட்டார்கள். ஜாய்ஸ்டிக்கில் குடியாத்தம் லுங்கியைச் சுற்றியிருந்தேன். புனேயில் ஏற்றுகிற பையன் அது எங்கே கிடைக்கும் என்று கேட்டான், கொடுத்துவிட்டேன். சீர்த் தட்டு மடியில், நானேதான் ஓட்டிப் போனேன்.

கடைசியாக ஒரு சந்தேகம். வீட்டில் விட்டுப் போன பேட்டரியை அம்மா ஐந்து நாளும் சார்ஜிலேயே வைத்திருக்கிறார். கெட்டிருக்குமா?

காட்பாடி அக்கா:
ஐந்து நாளில் கெடாது, ஆனால் உடனே பிடுங்குங்கள். பயன்படுத்தாமல் வைப்பதென்றால் பாதிச் சார்ஜில் வைப்பதுதான் லித்தியத்துக்கு நல்லது. அம்மாவைத் திட்டாதீர்கள்.