வெங்காய வேரில் குரோமோசோம் தெரியவில்லை, உதவுங்கள்

தஞ்சாவூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். செல் பிரிவதைப் பிள்ளைகள் நேரில் பார்க்க வேண்டும் என்று மூன்று வாரமாக முயல்கிறோம். ஒரு ஸ்லைடில்கூடக் குரோமோசோம் தெரியவில்லை.

பெரிய வெங்காயத்தைத் தண்ணீர் டம்ளரின் வாயில் உட்கார வைத்தோம். நாலு நாளில் வெள்ளை வேர் வந்தது. மதியம் 2 மணிக்கு, எங்கள் பாடவேளையில், 1 செ.மீ. வெட்டி, அசிட்டிக் அமிலமும் ஆல்கஹாலும் 1:3 கலந்ததில் ஒரு நாள் ஊறவிட்டோம். அப்புறம் 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 60 டிகிரியில் 5 நிமிடம், அசிட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயத்தில் அரை மணி நேரம். கவர் ஸ்லிப் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினோம்.

சாயம் நன்றாகவே ஏறுகிறது. 400 மடங்கில் பார்த்தால் செல்கள் நீள நீளமாக இருக்கின்றன, உள்ளே உருண்டையாகச் சிவப்பு நியூக்ளியஸ், அவ்வளவுதான். புதுச் சாயம் வாங்கினோம், சின்ன வெங்காயமும் வைத்துப் பார்த்தோம். அதேதான். நேற்று ஒரு மாணவி இருபது நிமிடம் கண்ணை எடுக்காமல் தேடினாள். அவளுக்காவது காட்டிவிட வேண்டும்.

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: வேரை எந்த நேரத்தில் வெட்டி, நுனியிலிருந்து எத்தனை மி.மீ. எடுத்தால் பிரியும் செல்கள் கிடைக்கின்றன?