ஆஸ்திரேலியா பழங்குடி மரத்தட்டு கிஃப்ட்டா வருது, ஒரிஜினல்தானான்னு எப்படி பாக்குறது?

பாம்பன்காரி:
சிட்னில இருக்குற என் தம்பி அடுத்த மாசம் வாரான், புது வீட்டுக்கு என்னக்கா வேணும்னு கேட்டான். அந்த ஊரு பூர்வகுடி ஆளுக செய்ற மரத்தட்டு ஒண்ணு கொண்டாடான்னு சொல்லிட்டேன். கூலமான்னு பேரு, நீளமா குழிவா, பாத்தவொடனே நம்ம வத்தைப் படகு ஞாபகம்தான் வந்துச்சு. இப்ப அவன் ரெண்டு போட்டோ அனுப்பிருக்கான், ஒண்ணு ஏர்போர்ட் கடையில ரொம்ப சல்லிசு, இன்னொண்ணு அதவிட பல மடங்கு விலை. எதை வாங்கச் சொல்ல? நம்ம உப்புக்காத்துக்கு தாங்குமா?

தொண்டிக்காரன்:
அக்கா, ஆஸ்திரேலியால டார்வின்ல ஆறு வருசம் வேலை பாத்தவன் சொல்றேன், சல்லிசா இருக்குறத வாங்க வேணாம். அந்த மாதிரி கடைச் சாமான்ல பாதிக்கு மேல அந்த மக்க கை படாததுதான், அங்க அரசாங்க கமிஷனே 2022ல ரிப்போர்ட் குடுத்துச்சு. இந்தோனேசியால செஞ்ச பூமராங், டிஜெரிடூங்கிற நீள ஊதுகுழல எல்லாம் பூர்வகுடி கைவேலைன்னு வித்த ஒரு கம்பெனிக்கு 2019ல கோர்ட்டு 23 லட்சம் டாலர் அபராதம் போட்டுச்சு.

தம்பிய கடையில மூணு கேள்வி கேக்கச் சொல்லுங்க: செஞ்சவுக யாரு, எந்த ஊரு, அவுகளுக்கு காசு எப்படி போகுது. பதில் வரலையா, திரும்பி வந்துரட்டும். உலுருங்கிற பெரிய பாறை பக்கத்துல மாருக்குன்னு அந்த மக்களே நடத்துற சங்கம் இருக்கு, அங்க வாங்குனா செஞ்சவுக பேரோட வரும். அவுக பாஷையில இதுக்கு பிட்டின்னு பேரு. கம்பிய நெருப்புல பழுக்கக் காச்சி மரத்துல கோடு கோடா சுட்டு எழுதுவாக. நான் வச்சிருக்குறதுல விரல் வச்சா அந்தக் கோடு பள்ளமா தட்டுப்படும், ஓரமெல்லாம் கருகலா இருக்கும். அச்சடிச்சதுல அது வராது.

அந்தப் பொம்பளையாளுக இதுலதான் தண்ணி சுமந்தாக, புல் விதை புடைச்சாக, பிள்ளையக்கூட படுக்க வச்சாக. நம்ம கடகம், சுளகு, தொட்டில் மூணும் ஒண்ணாச் சேந்த மாதிரி. தலையில வைக்க புல்லையோ முடியையோ வளையமாச் சுத்திக்குவாக, மங்குரின்னு பேரு. மொத தடவ பாத்தப்ப எங்க அம்மா மீன் கூடைக்கு வைக்கிற சும்மாடு அப்படியே கண்ணு முன்னால வந்துருச்சு, ரொம்ப நேரம் அங்கயே நின்னுட்டேன்.

மண்டபம் செல்வி:
இதுல சிலது எரித்ரினா மரத்துல செய்வாக, நம்ம கல்யாண முருங்கை வகைதான், வெயிட்டே இருக்காது. பெயிண்ட் அடிச்சதா இருந்தா எண்ணெ கிண்ணெ தடவாதீங்க, காஞ்ச துணியால தொடச்சாப் போதும். வெறும் மரம்னா லின்சீட் ஆயில், அதான் ஆளிவிதை எண்ணெ, லேசா. தேங்காயெண்ணெ வேண்டவே வேணாம், சிக்கு வாடை வந்துரும். தண்ணி ஊத்தி வைக்காதீங்க, வெயில்லயும் வைக்காதீங்க, வெடிச்சுரும். உளு வைக்குதான்னு மாசத்துக்கு ஒருக்கா கவுத்துப் பாருங்க, பொடி உதிந்தா தெரிஞ்சுரும்.

பாம்பன்காரி:
ரொம்ப நன்றிண்ணே, செல்விக்கும்தான். தம்பிட்ட சொல்லிட்டேன், பேரும் ஊரும் எழுதுன சீட்டு இல்லாம வாங்காதன்னு. சின்னதா இருந்தாலும் பரவால்ல. அவனுக்கு நான் ஓலைப்பெட்டி ஒண்ணு முடையக் குடுத்திருக்கேன், அத அங்க கொண்டுபோக விடுவாகளா?

தொண்டிக்காரன்:
எறங்குறப்ப குடுக்குற கார்டுல செடி, ஓலை சாமான் இருக்குன்னு கண்டிப்பா எழுதச் சொல்லுங்க, மறைச்சா ஃபைன். நல்லா காஞ்ச ஓலையா, பூச்சி இல்லாம இருந்தா பாத்துட்டு விட்ருவாக. எனக்கு ரெண்டு தடவ விட்டாக.