வாட்ஸ் வருது, ஆனா ரெசிஸ்டன்ஸ் மாற மாட்டேங்குது. ட்ரெய்னர் போச்சா?

மிதிகட்டை

வணக்கம் மக்களே. வீட்டுக்குள்ளயே சைக்கிளை மாட்டி மிதிக்கற டைரக்ட் டிரைவ் ஸ்மார்ட் ட்ரெய்னர் ஒண்ணு ஓட்டிட்டிருக்கேன், அதாவது பின் வீலை கழட்டிட்டு செயினை நேரா ட்ரெய்னர் கேசட்லயே (பின்னாடி இருக்கற பல்சக்கர அடுக்கு) மாட்டுற டைப். லேப்டாப்ல ஸ்விஃப்ட் (ஸ்கிரீன்ல ரோடு, மேடு காட்டி ஓட்ட வைக்கற ஆப்), ஆன்ட் ப்ளஸ்ங்கற வயர்லெஸ் சிக்னலை வாங்கற யூஎஸ்பி டாங்கிள் வழியா கனெக்‌ஷன், பக்கத்துல போன்ல ட்ரெய்னர் கம்பெனியோட ஆப்.

கொஞ்ச நாளாவே இம்சை. நல்லா ஓட்டிட்டிருக்கும்போதே வாட்ஸ் (நாம மிதிக்கற பவர்) திடீர்னு பூஜ்யத்துக்கு போயிடுது, சில செகண்ட் கழிச்சு தானா வந்துடுது. அது ஒரு பக்கம்னா, சில நாள் மேடு ஏறும்போது ஸ்கிரீன்ல 8 சதவீதம்னு காட்டுது ஆனா கால்ல ஒண்ணுமே தெரியல, வாட்ஸ் மட்டும் ஒழுங்கா வருது. இன்னொரு நாள் அதே மேடு அதே செட்டப், சரியா டைட் ஆகுது. எர்க் மோட்ல, அதாவது சொன்ன வாட்ஸ்லயே ட்ரெய்னர் நம்மளை புடிச்சு வைக்கற மோட்ல, ஒர்க்அவுட் போட்டா அது தனி கூத்து, கஷ்டமான இன்டர்வெல்ல (கொஞ்ச நேரம் பலமா மிதிக்கற பகுதி) பெடல் அப்படியே கல்லு மாதிரி இறுகி நின்னுடுது, ரெஸ்ட்டுக்கு 120 வாட் கேட்டா 160க்கு கீழ இறங்கவே மாட்டேங்குது.

ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணி திரும்ப போட்டாச்சு, ஃபேக்டரி ரீசெட்டும் பண்ணியாச்சு, கேலிபரேஷனும் ஆச்சு. சர்வீஸுக்கு அனுப்பிடலாமான்னு இருக்கேன். உள்ள போர்டு கிர்டு போயிருக்குமோ?

---

கியர்மாமா

அவசரப்பட்டு அனுப்பிடாதீங்க. நீங்க ஒரே பிரச்சனைன்னு நினைக்கறது மூணு தனித்தனி விஷயம், எதுவுமே போர்டு போன மாதிரி தெரியல.

முதல்ல அந்த மேடு மேட்டர். ட்ரெய்னருக்கும் லேப்டாப்புக்கும் நடுவுல ரெண்டு வேலை நடக்குது. ஒண்ணு பவர் எவ்ளோன்னு சொல்றது, இன்னொண்ணு லேப்டாப் சொல்ற ரெசிஸ்டன்ஸை வாங்கி செய்யறது. ஸ்விஃப்ட்ல ட்ரெய்னரை கனெக்ட் பண்ற பேரிங் ஸ்கிரீன்ல இது ரெண்டுக்கும் தனித்தனி கட்டம் இருக்கும் பாருங்க, பவர் சோர்ஸ்னு ஒண்ணு, ரெசிஸ்டன்ஸ் அல்லது கன்ட்ரோலபிள்னு ஒண்ணு. பவர் கட்டத்துல மட்டும் ட்ரெய்னர் உக்காந்திருந்தா நீங்க சொல்ற மாதிரியேதான் நடக்கும், வாட்ஸ் வரும், மேடு வராது.

ரெண்டு கட்டமும் சரியா இருந்தும் சில நாள் மட்டும் இப்படி ஆகுதுன்னா என் சந்தேகம் உங்க போன் மேலதான். ஆன்ட் ப்ளஸ்ல பவர் டேட்டா ரேடியோ ஸ்டேஷன் மாதிரி, எத்தனை பேர் வேணா கேக்கலாம். ப்ளூடூத் அப்படி இல்ல, நிறைய ட்ரெய்னர்ல ஒரு நேரத்துல ஒருத்தருக்குத்தான் இடம், புது மாடல் சிலதுல ரெண்டு மூணு பேர். கம்பெனி ஆப் பேக்ரவுண்ட்ல ஓடிட்டிருந்தா ப்ளூடூத்ல ட்ரெய்னரை புடிச்சு வச்சிக்கும், அப்புறம் ஆப் ஒரு பக்கம் லேப்டாப் ஒரு பக்கம்னு ரெண்டு எஜமான், ட்ரெய்னர் யார் பேச்சை கேக்கும்? ஓட்டறதுக்கு முன்னாடி போன் ப்ளூடூத்தையே ஆஃப் பண்ணிட்டு பாருங்க. ஆப்பை மேல தள்ளி மூடினா போதும்னு சொல்லுவாங்க, நான் அதை நம்பறதில்ல.

இன்னொண்ணு, ஸ்விஃப்ட் செட்டிங்ஸ்ல ட்ரெய்னர் டிஃபிகல்டினு ஒரு ஸ்லைடர் இருக்கு, டீஃபால்ட்டா நடுவுல 50 சதவீதத்துல இருக்கும். அப்போ 8 சதவீத மேடு கால்ல 4 மாதிரிதான் தெரியும். அதை ஏத்தினாலும் இறக்கினாலும் மேலே போய் சேர தேவையான வாட்ஸ் மாறாது, கியர் மாத்தற அளவுதான் மாறும்.

---

ராக்கோழி_ரைடர்

கட் ஆகறதுக்கு நான் சொல்றேன். ஆன்ட் ப்ளஸ், ப்ளூடூத், பழைய பேண்ட் வைஃபை எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒரே தெருவுலதான் குடியிருக்கு. ஆன்ட் ப்ளஸ் 2457 மெகாஹெர்ட்ஸ்ல பேசும், அது வைஃபை சேனல் 10ஓட நட்ட நடு சென்டர், 11ல இருக்கற ரவுட்டரும் அது மேலயே ஏறி உக்காரும். ரவுட்டரை சேனல் 1க்கு மாத்துங்க, முடிஞ்சா லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸ்ல போடுங்க.

அதைவிட முக்கியம் டாங்கிள் எங்க சொருகியிருக்கீங்கங்கறது. யூஎஸ்பி 3 போர்ட், அதுல மாட்டின ஹார்ட் டிஸ்க், இதெல்லாம் வேலை செய்யும்போது இதே 2.4லதான் இரைச்சல் கக்கும். லேப்டாப் உங்களுக்கு முன்னாடி, ட்ரெய்னர் உங்களுக்கு பின்னாடி, நடுவுல நீங்க. நம்ம உடம்பு பாதிக்கு மேல தண்ணிதானே, இந்த சிக்னலை நல்லாவே உறிஞ்சிடும். ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி டாங்கிளை ட்ரெய்னர் பக்கத்துல தரையில போட்டுடுங்க. இதுக்கு மிஞ்சின வைத்தியம் கிடையாது.

ஹார்ட் ரேட் ஸ்ட்ராப்பும் அதே டாங்கிள்லதானா? வாட்ஸ் பூஜ்யம் ஆகும்போது ஹார்ட் ரேட்டும் கூடவே போகுதான்னு கவனிங்க. ரெண்டும் சேர்ந்து போனா டாங்கிள், வைஃபை, லேப்டாப் பக்கம். ட்ரெய்னர் மட்டும் போனா அடாப்டர் பின் லூஸா இருக்கா, ட்ரெய்னர் லைட் அணையுதான்னு பாருங்க.

விண்டோஸ்னா பவர் ஆப்ஷன்ஸ்ல யூஎஸ்பியை தூங்க வைக்கற யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்னு ஒண்ணு இருக்கும், அதையும் ஆஃப் பண்ணிடுங்க. ப்ளூடூத்துக்கு மாறினாலும் விண்டோஸ் செட்டிங்ஸ்ல போய் ட்ரெய்னரை பேர் பண்ணாதீங்க, ஸ்விஃப்ட்டுக்குள்ளயே பண்ணுங்க.

---

வியர்வைத்துளி

எர்க்ல இறுகறது கோளாறே இல்ல, எர்க்னாலே அதான். 200 வாட்னு சொன்னா நீங்க எந்த வேகத்துல மிதிச்சாலும் 200 வர்ற மாதிரி அது ரெசிஸ்டன்ஸை மாத்தும். கேடன்ஸ் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து மிதிக்கறீங்கங்கறது) 90ல இருந்தா க்ராங்க்ல (பெடல் மாட்டியிருக்கற கை) 21 நியூட்டன் மீட்டர் திருப்பு விசை போதும், 60க்கு விழுந்தா 32 வேணும். கால் சோர்ந்து மெதுவாக மெதுவாக இன்னும் இறுகும், இறுகுனா இன்னும் மெதுவாவீங்க, கடைசில நின்னுடும். இன்டர்வெல் ஆரம்பிக்கறதுக்கு ரெண்டு மூணு செகண்ட் முன்னாடியே கேடன்ஸை ஏத்திடுங்க. மாட்டிக்கிட்டா எர்க்கை ஆஃப் பண்ணி காலை சுழல விட்டுட்டு திரும்ப ஆன் பண்ணுங்க, மல்லுக்கட்டி முட்டிய உடைச்சுக்காதீங்க.

120க்கு இறங்காததுக்கு காரணம் கியர். முன்னாடி பெரிய செயின்ரிங், பின்னாடி சின்ன பல்லுன்னு ஓட்டறீங்கன்னு நினைக்கறேன். ஃப்ளைவீல் (ட்ரெய்னர்ல சுத்தற கனமான சக்கரம்) அந்த வேகத்துல சுத்தும்போது பிரேக்கை முழுசா விட்டாலும் அதுக்கு கீழ போக முடியாது. சின்ன ரிங், நடு கேசட்டுக்கு வாங்க.

எல்லாத்துக்கும் கேலிபரேஷன் பண்ணுன்னு சொல்றவங்களை நம்பாதீங்க. ஸ்பின்டவுன்ங்கற அந்த கேலிபரேஷன் பண்றது வாட்ஸ் நம்பர் சரியா இருக்கத்தான், அதுவும் 10 நிமிஷம் ஓட்டி சூடானப்புறம். ரெசிஸ்டன்ஸே மாறலன்னா அதுல ஒண்ணும் ஆகாது.

---

கியர்மாமா

வியர்வைத்துளி சொல்றது சரிதான், ஆனா சின்ன ரிங்னு எல்லாருக்கும் பொதுவா சொல்லிட முடியாது. டயரை ரோலர்ல அழுத்தற வீல் ஆன் ட்ரெய்னரா இருந்தா வீல் மெதுவா சுத்தும்போது பெரிய வாட்ஸ் குடுக்கவே அதால முடியாது, 300 கேட்டா 220லயே நிக்கும். டைரக்ட் டிரைவ்லயும் சின்ன ரிங் கொஞ்சம் சேத்துல மிதிக்கற ஃபீல்தான். ரோட் ஃபீல் வேணும்னா பெரிய ரிங், ரெஸ்ட் இன்டர்வெல் சரியா வேணும்னா சின்னது.

---

மிதிகட்டை

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. போன் ப்ளூடூத் ஆஃப் பண்ணதும் மேடு ஒழுங்கா வருது, திரும்ப ஆன் பண்ணி ஆப்பை திறந்தா மறுபடி செத்துடுது, அதனால காரணம் அதான்னு உறுதியாயிடுச்சு. ஹார்ட் ரேட்டும் கூடவேதான் கட் ஆச்சு, கேபிள் போட்டு டாங்கிளை கீழ கொண்டு வந்ததும் நின்னுடுச்சு, ரவுட்டரை தொடவே இல்ல. சின்ன ரிங்ல 120 வருது.

இப்போ ஒண்ணே ஒண்ணு மிச்சம். எழுந்து நின்னு ஸ்பிரிண்ட் அடிக்கும்போது டக்குனு ஒரு வழுக்கல், கால் காத்துல போற மாதிரி. இதுவும் சிக்னலா?

---

ராக்கோழி_ரைடர்

இல்ல, இது மெக்கானிக்கல். ஒவ்வொரு கியரா மாத்தி அடிச்சு பாருங்க. ஒண்ணு ரெண்டு கியர்ல மட்டும் வழுக்குனா செயின்தான் தாவுது, சைக்கிள் வீலுக்கு வச்ச இன்டெக்ஸிங் (கியர் அட்ஜஸ்ட்மென்ட்) ட்ரெய்னர் கேசட்டுக்கு அப்படியே ஒத்துவராது, கேபிள் டென்ஷனை கொஞ்சம் திருகி சரி பண்ணுங்க, கேசட்டை புடிச்சிருக்கற லாக்ரிங் டைட்டா இருக்கான்னும் பாருங்க. பழைய செயின் புது கேசட்ல ஓடினாலும் தாவும். எல்லா கியர்லயும் ஒரே மாதிரி வழுக்குனா உள்ள பெல்ட் லூஸாகியிருக்கலாம். வாரண்டி இருந்தா கவரை கழட்டாதீங்க, ஸ்பிரிண்ட் அடிக்கறதை வீடியோ எடுத்து அவங்களுக்கு அனுப்புங்க, அதுவரைக்கும் உக்காந்தே ஓட்டுங்க.