எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வெல்டிங் பண்றப்ப ஜாயின்ட்டுக்குப் பின்பக்கம் வைக்கிற காப்பர் பட்டை: அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

அண்ணன்மாருக்கு வணக்கம். கடலூர் சிப்காட் பக்கம் பட்டறை வச்சிருக்கேன். கெமிக்கல் டேங்க் வேலை. 316எல் ரக எஸ்.எஸ். ஷீட், 3 மி.மீ., டிக் (TIG) வெல்டிங். முன்பக்கம் அழகா விழுது. திருப்பிப் பார்த்தா ரூட் (வெல்டோட பின்பக்கம்) கறுத்து, பொரிஞ்ச சர்க்கரையாட்டம் சொரசொரன்னு இருக்கு. பின்னாடி காத்து படுறதாலதான் இது. அப்படியே விட்டா முதல்ல அங்கேதான் அரிக்கும், மனசு ஒப்பல.

காத்து படாம இருக்க பின்னாடி இரும்புப் பட்டை வச்சா, அது வெல்டோட கூடவே ஒட்டிக்கும், இடுக்குல கெமிக்கல் தங்கும். அது வேண்டவே வேண்டாம். காப்பர் பட்டையில குரூவ் (நீளப் பள்ளம்) வெட்டி, வரிசையா ஓட்டை போட்டு, காத்து அண்டாம அது வழியா ஆர்கான் வாயு விடலாம்னு இருக்கேன். குரூவ் அகலம், ஆழம் எவ்வளவு வைக்கிறீங்க? ஓட்டைக்கு ஓட்டை எவ்வளவு இடைவெளி? நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் ஆர்கான்? டேங்க் ஷெல் (சுத்துச் சுவர்) வளைவுக்கு செராமிக் பட்டை ஒத்துவருமா?

புதுச்சேரியில காப்பர் பட்டை வெட்டிக் கொடுக்கிற கடை தெரிஞ்சாலும் சொல்லுங்க.