மறு: கார்டு கவுண்டிங் – ‘கணக்காட்டம்’ என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

கேள்வியைக் கிளப்பியவன் நான் என்பதால் இத்தனை நாள் பேசாமல் எல்லாருடைய மடலையும் படித்துக்கொண்டிருந்தேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நிகழ்தகவு நடத்தும் தமிழ்வழி ஆசிரியர்களுக்காக ஒரு கையேடு எழுதுகிறேன். அதில் பிளாக்ஜாக் பற்றி, அதாவது சீட்டுகளின் கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டாமல் அதை நெருங்கப் பார்க்கும் கேசினோச் சீட்டாட்டம் பற்றி, நான்கு பக்கம் வருகிறது. ஆடி முடிந்த சீட்டுகளை மனத்தில் வைத்துக்கொண்டு, அடுத்து வரப்போவது தனக்குச் சாதகமா என்று பார்த்துப் பணத்தைக் கூட்டிக் குறைக்கிறவருக்கு ஒரு தமிழ்ப் பெயர் வேண்டும் என்று கேட்டிருந்தேன். வந்த சொற்கள் எல்லாம் நன்றாக யோசித்து வைத்தவை. ஆனால் இங்கே தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தால் வேறு வேறு இடத்தில் இடிக்கின்றன.

முதலில் சென்னை ஐயா தந்த ‘அட்டை எண்ணுநர்’. எங்கள் பக்கம் சீட்டாடுகிற யாரும் சீட்டை அட்டை என்று சொல்வதில்லை. அட்டை என்றால் குடும்ப அட்டை, வங்கி அட்டை. மழைக்காலத்தில் நெல்லியாம்பதி மலைக்குப் போய் வந்தவரிடம் அட்டை என்று சொன்னால் முதலில் தன் காலைத்தான் பார்ப்பார். கட்டு, கை, வெட்டு, துருப்பு, சீட்டு என்று ஆடுகிறவர்களே வைத்திருக்கும் சொற்கள் இருக்கும்போது அவற்றைத் தாண்டிப் போக வேண்டாம் என்பது என் எண்ணம்.

அடுத்தது ‘சீட்டுக் கணக்கர்’. இதில் சீட்டு சரி. ஆனால் இரண்டையும் சேர்த்துச் சொன்னால் எல்லைப் பக்கத்தில் உடனே மாதச் சீட்டுதான் நினைவுக்கு வரும். இந்த மாதம் சீட்டு யார் எடுத்தார்கள், தள்ளு எவ்வளவு போனது என்று நோட்டில் எழுதுகிறவர்தான் சீட்டுக் கணக்கு பார்ப்பவர். என் மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். “எந்தச் சீட்டு, பத்தாயிரமா ஐம்பதாயிரமா?” என்று கேட்டாள்.

செங்கோட்டை அக்கா எழுதிய ‘சீட்டுக் கணியர்’ ஓசையில் மிக அழகு. கணி என்ற வேரில் கணிதமும் இருக்கிறது, கணிப்பும் இருக்கிறது. ஆனால் மலையாளக் கரையில் கணியான் என்றால் சோதிடம் பார்க்கும் சமூகத்தின் பெயர். சீட்டோடு சேர்த்துவிட்டால் கூண்டிலிருந்து கிளி வந்து சீட்டெடுக்கும் ஜோசியம் கண்முன் நிற்கும். நாம் சொல்ல வருவதற்கு நேர் எதிரான பொருள் அது. பிளாக்ஜாக்கில் கணக்குப் பண்ணுகிறவருக்கு அடுத்த சீட்டு எது என்று தெரியாது. எந்த மாதிரிச் சீட்டு கட்டில் அதிகம் மிஞ்சியிருக்கிறது என்பது மட்டும் தெரியும். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டால் என் நான்கு பக்கமும் வேலை செய்துவிட்டது என்று அர்த்தம்.

‘சீட்டெண்ணி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். சுருக்கம், விறகுவெட்டி, மரமேறி மாதிரி நல்ல அச்சில் வார்த்த சொல். எண்ணுதல் என்பதற்குக் கணக்கிடுதல், நினைத்தல் என்று இரண்டு பொருளும் இருப்பது இந்த இடத்துக்கு மெத்தப் பொருத்தம். இரண்டு நாள் இதைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். பிறகு ஒரு சிக்கல் தெரிந்தது. அறிவியல் தமிழில் எண்ணி என்றால் கருவி. கதிர்வீச்சை அளக்கும் கெய்கர் எண்ணியை எல்லாரும் படித்திருக்கிறோம். சீட்டெண்ணி என்றால் வங்கியில் நோட்டு எண்ணுகிற இயந்திரம் மாதிரி ஒன்று என்று பிள்ளைகள் நினைப்பார்கள். சாதாரணமாக இருந்தால் பழகிப் போகும் என்று விட்டுவிடலாம். இங்கே விட முடியாது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் மனக்கணக்காகச் சீட்டுகளைத் தொடர்வது குற்றம் இல்லை. அதையே ஒரு கருவியை வைத்துச் செய்தால் குற்றம். அதற்கு 1985-ல் தனிச் சட்டமே போட்டார்கள். குற்றமும் குற்றமின்மையும் பிரிகிற கோடு கருவியில் இருக்கும்போது, ஆளுக்கே கருவியின் பெயரை வைப்பது பெரிய பிழை.

‘கள்ளக் கணக்கர்’ என்று எழுதியவருக்கு மட்டும் கொஞ்சம் அழுத்தமாகப் பதில் சொல்ல வேண்டும். கள்ளம் என்ற சொல் இதில் வரவே கூடாது ஐயா. கள்ள ஆட்டம் என்றால் சீட்டை ஒளிப்பது, குறி வைப்பது, கூட்டாளிக்குக் கண் காட்டுவது. சீட்டு எல்லார் கண்ணுக்கும் முன்னால் மேசைமேல் விழுகிறது. அதைப் பார்த்து நினைவில் வைப்பவர் யாருடைய பையிலும் கையை விடவில்லை. நம் உச்ச நீதிமன்றமே 1967-ல், செகந்தராபாத்தில் ஒரு கிளப்பில் நடந்த ரம்மி ஆட்டம் பற்றிய ஆந்திர அரசின் வழக்கில், விழுகிற சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டியிருப்பதால் ரம்மிக்கு ஓரளவு திறமை வேண்டும், அது ‘மூன்று சீட்டு’ என்ற சூதாட்டத்தைப் போல முழுக்க அதிர்ஷ்டம் சார்ந்தது அல்ல என்ற பொருளில் சொன்னது. நினைவில் வைப்பது திறமை என்று தீர்ப்பு எழுதிய பிறகு, நாம் தொகுக்கும் அகராதியில் அதைத் திருட்டு என்று எழுத வேண்டாம்.

சரி, என் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். என் சொல் அங்கிருந்துதான் வருகிறது.

சின்ன மாமா இருபத்தெட்டு ஆடுவார். பாலக்காட்டுப் பக்கம் உள்ளவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், மற்றவர்களுக்காக எழுதுகிறேன். நான்கு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டு. 32 சீட்டு, ஆளுக்கு எட்டு. ஜாக்கிக்கு மூன்று, ஒன்பதுக்கு இரண்டு, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ராஜா ராணிக்கு ஒன்றும் கிடையாது. ஒரு இனத்துக்கு ஏழு, நான்கு இனத்துக்கு 28. அதுதான் ஆட்டத்தின் பெயர். ஏலம் கேட்டு எடுத்தவர் துருப்பைக் கவிழ்த்து வைப்பார். தோற்றவர் காதில் குணுக்கு ஏறும். எங்கள் வீட்டுத் திண்ணையில் அது பலா இலைக் காம்பு.

மாமா இடது கையை எப்போதும் துண்டுக்கு அடியில்தான் வைத்திருப்பார். துருப்பு ஒன்று இறங்கினால் ஒரு விரல் மடங்கும். நான் பின்னால் உட்கார்ந்து அந்தத் துண்டு லேசாக அசைவதையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஏழு இறங்கிவிட்டால் எட்டாவது யாரிடம் என்று அவருக்குத் தெரிந்துவிடும். எனக்குச் சீட்டு கற்றுக் கொடுத்தபோது அவர் சொன்னது ஒரே வாக்கியம்: “இறங்கின சீட்டை மனசுல வை; கணக்கா ஆடு.”

இந்தக் ‘கணக்கா’ என்ற பேச்சுச் சொல்லைப் பாருங்கள். கணக்கா வந்து சேர்ந்தான், கணக்கா உப்புப் போட்டாள் என்கிறோம். மிகாமல் குறையாமல், சரியான நேரத்தில், சரியான அளவில் என்று பொருள். பிளாக்ஜாக்கில் அவர்கள் செய்வதும் அதுதான். அதனால் என் முன்மொழிவு: செயலுக்குக் கணக்காட்டம், ஆளுக்குக் கணக்காட்டக்காரர். கோலாட்டம், சீட்டாட்டம் என்று காது பழகிய அமைப்பு. கணக்கு என்பது மலையாளத்திலும் அதே சொல் என்பதால் பக்கத்து வகுப்பு ஆசிரியருக்கும் விளக்கம் தேவையில்லை. கணித விளையாட்டு என்று குழப்பிக்கொள்வார்களே என்று கேட்கலாம். அதற்குக் கணித விளையாட்டு, புதிர் என்ற சொற்கள் ஏற்கெனவே நன்றாகப் புழங்குகின்றன, பயமில்லை.

தலைப்புச் சொல்லோடு இன்னும் சில சேர்ந்து வர வேண்டும். ஹார்வி டப்னர் என்பவர் 1963-ல் முன்வைத்த முறைதான் இன்று எல்லாரும் முதலில் படிப்பது. 2 முதல் 6 வரை வந்தால் ஒன்று கூட்டு. 7, 8, 9 வந்தால் சும்மா இரு. பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் வந்தால் ஒன்று கழி. ஒரு கட்டில் சின்னது 20, பெரியது 20, நடுவில் 12. முழுக் கட்டும் இறங்கி முடிந்தால் கணக்கு பூஜ்யத்தில் நிற்கும். மேசையில் 5, 3, 6, ராஜா, 2, 9, 4, ஏஸ் என்று விழுந்தால் கூட்டல் மூன்று. சின்னச் சீட்டு நிறையப் போய்விட்டது, பெரியது உள்ளே மிஞ்சியிருக்கிறது என்று பொருள். அது ஏன் ஆடுகிறவருக்கு நல்லது? முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் நல்ல மேசைகளில் அவருக்கு ஒன்றரை மடங்கு கிடைக்கும். வீட்டுக்காரருக்கு, அதாவது கேசினோ சார்பில் சீட்டு பகிர்ந்து ஆடுகிறவருக்கு, அந்தச் சலுகை இல்லை. போதாததற்கு வீட்டுக்காரர் 17 வரும்வரை எடுத்தே ஆக வேண்டும். பெரிய சீட்டு மலிந்திருக்கும்போது அவர் 21-ஐத் தாண்டிப் போகும் வாய்ப்பும் கூடுகிறது.

இப்படி ஓடிக்கொண்டே இருக்கும் எண்ணுக்கு ஓடுகணக்கு என்று வைக்கலாம். நடப்புக் கணக்கு என்றால் வங்கிக்குப் போய்விடும். ஓடுகணக்கை, மிச்சம் உள்ள கட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது கட்டுவீதம். ஓடுகணக்கு ஆறு, மிச்சம் மூன்று கட்டு என்றால் கட்டுவீதம் இரண்டு. ஆங்கிலத்தில் உள்ளதை அப்படியே மாற்றி ‘உண்மைக் கணக்கு’ என்று ஒருவர் தந்திருந்தார். அப்படிச் சொன்னால் ஓடுகணக்கு பொய்யா என்று பிள்ளை கேட்கும். இரண்டும் மெய்தான்; ஒன்று மொத்தம், இன்னொன்று வீதம்.

இறங்கியவற்றுக்கு இறங்குசீட்டு. இது வினைத்தொகை. இறங்கிய, இறங்குகிற, இறங்கும் என்று மூன்று காலத்தையும் ஒரே சொல்லில் அடக்கும். போனதை வைத்து வரப்போவதை மதிப்பிடும் ஒரு வேலைக்கு இதைவிடப் பொருந்தும் இலக்கணம் கிடைக்குமா என்று தெரியவில்லை. உள்ளே மிஞ்சியதற்கு இருப்பு போதும். வரவு, செலவு, இருப்பு என்று கடைக்காரர்கள் காலம்காலமாக எழுதுவதுதான்.

மேசையில் நடந்துகொள்ளும் முறைக்கு ‘மேசை நாகரிகம்’ வந்திருந்தது. முள்கரண்டி பிடிப்பது பற்றிய பாடம் மாதிரித் தோன்றும். ஆட்ட மரியாதை என்று எழுதலாம். சில வருடம் முன்பு உடன் வேலை பார்க்கிறவர்களோடு கோவா போயிருந்தபோது பணஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கும் ஒரு கேசினோக் கப்பலைப் பார்த்தேன். சீட்டு பகிர்கிற பெண்ணிடம் நோட்டை நீட்டினேன். அவர் இரண்டு கையையும் பின்னால் இழுத்துக்கொண்டு பச்சைத் துணியைக் காட்டினார். பணம் கைக்குக் கை போகக் கூடாது. மேசையில் வைத்தால்தான் மேலே உள்ள கேமரா பார்க்கும். ஆட்டம் முழுக்க அந்தக் கேமராவுக்காகத்தான். இன்னொரு சீட்டு வேண்டும் என்றால் வாயால் சொன்னால் போதாது, மேசையை விரலால் தட்ட வேண்டும். போதும் என்றால் உள்ளங்கையைக் கவிழ்த்து வீச வேண்டும். சீட்டு விழுந்த பிறகு பந்தயச் சில்லைத் தொடவே கூடாது.

நான் வியந்து நின்ற இடம் இதுதான். எங்கள் திண்ணையில் சைகை என்றால் கள்ள ஆட்டம்; மாமா ஆட்டத்தையே கலைத்துவிடுவார். அங்கே சைகை இல்லாவிட்டால் ஆட்டமே நகராது. அதனால் அகராதியில் இதற்குச் சைகை என்று மட்டும் போடாமல் ஆட்டச் சைகை என்று அடை கொடுத்து எழுதக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசி இருக்கையில் இருப்பவர் தேவையில்லாமல் சீட்டெடுத்து எல்லாரையும் கெடுத்துவிட்டார் என்று மற்றவர்கள் முறைப்பதும் ஆட்ட மரியாதையா என்று ஒருவர் கேட்டிருந்தார். அது வெறும் நம்பிக்கை. அவர் எடுத்த சீட்டு சில நேரம் கெடுக்கும், அதே அளவு சில நேரம் காப்பாற்றும். கையேட்டில் அதைத் தனிப் பயிற்சியாகவே வைக்கிறேன்.

வரலாற்றுப் பகுதியைச் சுருக்கமாகவே எழுதுகிறேன். எட்வர்ட் தார்ப் என்ற கணிதப் பேராசிரியர் ஐ.பி.எம். 704 கணினியில் போட்ட பிளாக்ஜாக் கணக்கை 1962-ல் புத்தகமாக்கினார். கணக்காட்டம் ஊரறிந்தது அப்போதுதான். கென் உஸ்டன் என்ற கணக்காட்டக்காரர் வழக்குப் போட்டு 1982-ல் நியூஜெர்சி மாநில உச்ச நீதிமன்றத்தில் வென்றார். கணக்காட்டக்காரர் என்பதற்காக மட்டும் அங்குள்ள கேசினோக்கள் ஒருவரைத் தாமாக வெளியே அனுப்ப முடியாது என்று ஆனது. நெவாடாவில் அந்தப் பாதுகாப்பு இல்லை. கேசினோவைக் கேசினோ என்றே விட்டிருக்கிறேன். ‘சூதகம்’ என்று வந்த சொல்லுக்குத் தமிழில் ஏற்கெனவே தீட்டு என்ற பொருள் இருக்கிறது. அதைத் தொட வேண்டாம்.

இப்போது சொற்களை வாக்கியத்தில் போட்டுப் பார்க்கிறேன். படித்துவிட்டு எங்கே தட்டுகிறது என்று சொல்லுங்கள்:

“கணக்காட்டக்காரர் இறங்குசீட்டுகளைப் பார்த்து ஓடுகணக்கை மனத்தில் வைத்திருப்பார். இருப்பில் பெரிய சீட்டு அதிகம் என்று கட்டுவீதம் காட்டும்போது பந்தயத்தைக் கூட்டுவார். இல்லாதபோது குறைந்த தொகையோடு நிறுத்திக்கொள்வார். இதைத் தடுக்க, கேசினோக்கள் ஆறு அல்லது எட்டுக் கட்டுகளை ஒன்றாகக் கலந்து, எங்கே நிறுத்திக் கலைக்க வேண்டும் என்று காட்டும் வெட்டுச்சீட்டை முன்கூட்டியே செருகி, பாதியிலேயே மறுபடி கலைத்துவிடும்.”

ஒன்று மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. கலைத்த கட்டுகளை அடுக்கி ஒவ்வொன்றாக உருவும் அந்தச் சாய்ந்த பெட்டியை ஆங்கிலத்தில் காலணியின் பெயரால் சொல்கிறார்கள். சீட்டுப்பெட்டி என்றால் தேர்தல் பெட்டி ஆகிவிடும். கண்ணாடிக் கூடு என்கிறோமே, அந்த மாதிரி ‘சீட்டுக்கூடு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். சிவகாசி, சாத்தூர் பக்கம் அச்சகத்திலோ தீப்பெட்டி ஆலையிலோ வேலை பார்த்தவர்கள் இங்கே இருந்தால், அடுக்கி வைத்து ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுகிற பெட்டிக்கு உங்கள் பட்டறையில் என்ன பெயர் என்று எழுதுங்கள். வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது.